எந்தத் தலைப்புக்கும் எட்டு வரி

ஆகஸ்ட் 7, திங்கள்

காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியை பழனியம்மாள் என்னையும் ஜெசிந்தாவையும் அறைக்கு அழைத்தார். மாவட்டத் தமிழ்ப் பேரவையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இந்த ஆண்டு கவிதைப் போட்டி கிடையாது. அதற்குப் பதில் 'படமும் பாட்டும்'. ஒரே மாணவர் ஒரே சார்ட்டில் படமும் வரைய வேண்டும், கவிதையும் எழுத வேண்டும். தலைப்பு அங்கே போன பிறகுதான் தெரியும். நேரம் இரண்டு மணி. கவிதை சொந்தமாக இருக்க வேண்டும், எட்டு வரிக்குக் குறையக் கூடாது.

"ஐயா, நீங்களும் ஜெசிந்தாவும் சேர்ந்து எட்டாம் வகுப்புப் புள்ளைகளத் தயார் பண்ணிப்போடுங்க. வாரம் மூணு பீரியட் சேர்த்துத் தர்றேன்" என்றார் பழனியம்மாள்.

ஜெசிந்தா பகுதிநேர ஓவிய ஆசிரியை. திங்கள், புதன், வெள்ளி காலையில் மட்டும் வருவார். முப்பது வயது இருக்கும். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

நான் இந்த நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழாசிரியர். வரும் மே மாதம் ஓய்வு. தலைமையாசிரியை அறையின் கண்ணாடி பீரோவில் ஒன்பது கேடயங்கள் இருக்கின்றன. ஒன்பதும் பேரவையின் கவிதைப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் 'பயிற்றுவித்தவர்: புலவர் கு. குழந்தைவேல்' என்று பொறித்திருக்கும். பேரவை ஆண்டுதோறும் ஓய்வுபெறும் தமிழாசிரியர் ஒருவருக்கு விருது தருகிறது. பழனியம்மாள் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். பத்தாவது கேடயமும் வந்துவிட்டால் விருது உறுதி என்கிறார்.

சித்திரக்கவி என்று நம் இலக்கணத்தில் ஒன்று உண்டு. செய்யுளைத் தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் கட்டங்களுக்குள் அடைப்பது. நானே ஒரு தேர் எழுதியிருக்கிறேன். அது வேறு, இது வேறு. இது சார்ட் பேப்பர்.

ருக்மணிக்கு மூட்டுவலி மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் அதற்கும் ஒரு பாட்டு கிடைத்தது.

ஆகஸ்ட் 9, புதன்

முதல் கூட்டு வகுப்பு. பிடித்ததை வரையச் சொன்னார் ஜெசிந்தா. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு படகு. எங்கள் பள்ளிபாளையத்தில் இருப்பது விசைத்தறியும் சாயப்பட்டறையும். பள்ளியைச் சுற்றி மூன்று தெருவுக்குக் குடிசை என்று ஒன்று கிடையாது.

ஜெசிந்தா இருபத்தாறு தாளையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார். பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். "இன்னைக்கிருந்து மலைக்குத் தடை. சூரியனுக்கும் லீவு" என்றார்.

நானும் சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களும் ஒரு நாலு வார்த்தைக்குத் தடை போடுங்க. அன்னை, நிலா, மலர், விளக்கு."

அந்த நாலையும் எடுத்துவிட்டால் எழுத என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஜெசிந்தா ஒரு பை நிறையப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டியிருந்தார். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி நடக்க வேண்டும். ஓட்டைக்குள் தெரிவதில் மூன்றை எழுத வேண்டும். பிறகு அதையே வரைய வேண்டும்.

மூன்று பொருளை வரிசையாக எழுதினால் அது மளிகைச் சீட்டு, கவிதையாகாது என்று சொன்னேன். "சீட்டாவே இருக்கட்டுமுங்க ஐயா, மொதல்ல கண்ணு முழிக்கட்டும்" என்றார். பகுதிநேரத்தில் வருகிறவர்களுக்கு நேரம் குறைவு, நம்பிக்கை அதிகம்.

சஷ்மிதா என்று ஒரு பெண். மூன்றாவது பெஞ்சு. அப்பா அம்மா இருவரும் வீட்டிலேயே நான்கு தறி ஓட்டுகிறார்கள். சாதாரணமாகவே கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள், தறி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். அவள் எழுதிய மூன்று: சத்துணவுக் கூடத்தின் பூட்டு, பூட்டின் மேல் எறும்பு, எறும்புக்குச் சாவி வேண்டியதில்லை.

மூன்றாவது பொருள் அல்ல, கருத்து என்று சுட்டிக்காட்டினேன். "செரிங்க ஐயா" என்றாள். அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். மிட்டாய். மழை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று அரை சார்ட்டில் முழு முயற்சி. 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தோம். பெரும்பாலும் பரவாயில்லை. இரண்டு மலைகள் திருட்டுத்தனமாக வந்திருந்தன.

சஷ்மிதா வீட்டை வரையவில்லை. ஆறு கைகளை வரைந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாடை. தறி ஓடும்போது காதில் ஒன்றும் விழாது, அதனால் தறிக்காரர் வீடுகளில் கையால்தான் பேசிக்கொள்வார்கள். கைகளுக்குக் கீழே எழுதியிருந்தாள்:

பசிக்கு வயிற்றில் தட்டுவேன்.
தண்ணிக்குக் கட்டைவிரல்.
அண்ணன் அடித்தால் அவனைக் காட்டினால் போதும்.
எல்லாத்துக்கும் ஒரு கை இருக்கு.
பயமா இருந்தா மட்டும்
தறியை நிறுத்தணும்.

படித்தேன். திருத்தினேன். 'தண்ணிக்கு', 'எல்லாத்துக்கும்', 'இருக்கு', 'நிறுத்தணும்' ஆகியவை கொச்சை. நான்கையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கடைசி வட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, இடம் இருந்த ஒரு உள்ளங்கையில் 'நிறுத்த வேண்டும் என எழுதுக' என்று எழுதினேன். கீழே 'எதுகை இல்லை'. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் திருத்துகிறேன். தாளில் இடம் இருந்தால் பேனா தானே போகும்.

ஆகஸ்ட் 23, புதன்

ஜெசிந்தா கோபமாக இருந்தார். கோபத்திலும் ஐயா போட்டுத்தான் பேசினார், அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

"ஐயா, அது நோட்டு இல்லீங்க, படமுங்க. அந்தக் கை அந்தப் புள்ளையோட அம்மா கை. அதுக்கு மேல போய் எழுதுவாங்களா யாராச்சும்?"

தவறு என்று எனக்குத் தெரிந்தது. படத்தில் எழுதக் கூடாதென்று யாரும் சொல்லித் தரவில்லை என்று சொன்னேன். ஒரு ஆசிரியர் சொல்லக்கூடிய பதிலா அது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

சஷ்மிதா அந்தச் சிவப்பு எழுத்துகளின் மேல் சிவப்புக் கலரையே பூசி உள்ளங்கையில் மருதாணியாக்கிவிட்டாள். மூன்று வட்டங்கள் வளையல்களாகிவிட்டன. 'நிறுத்தணும்' மட்டும் வட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நாசிக்கிலிருந்து மகள் நறுமுகை கூப்பிட்டாள். அம்மாவோடு நாற்பது நிமிடம். "அப்பா நல்லா இருக்காங்களாம்மா" என்று கேட்டிருக்கிறாள். நான் நன்றாக இருப்பதாக ருக்மணி சொல்லியிருக்கிறாள். செய்தி போய்ச் சேர்ந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

போட்டிக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம். ஜெசிந்தா தயங்காமல் சஷ்மிதா என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். கை ஓடுகிற பிள்ளை, பயப்படாது.

ஆனால் ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

கவிதை கற்றுத்தருவது கடினம். போட்டிக்குக் கவிதை தயார்செய்வது எளிது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் எட்டு வரி எழுதினேன். முதல் சொல்லை மட்டும் மாற்றினால் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்.

மரமே, நீ எங்கள் வாழ்வின் விளக்கு,
உன்னால் விடியும் எங்கள் கிழக்கு!
அன்னை போலே அணைப்பாய் எம்மை,
அன்பைத் தந்தே வளர்ப்பாய் நன்மை!
உள்ளம் எல்லாம் உன்புகழ் பாடும்,
ஊரும் உலகும் உன்னை நாடும்!
வாழ்க வாழ்க வையம் மீதே,
வளர்க என்றும் வானம் போலே!

மரம் நூலாகும், நூல் மழையாகும், மழை நூலகமாகும். சில வருடம் மூன்றாவது வரியையும் ஐந்தாவது வரியையும் இடம் மாற்றுவேன். நடுவர்கள் வருடாவருடம் மாறுவார்கள். கேட்டுக் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது முறை முதல் பரிசு, மற்ற வருடங்களில் இரண்டாவதோ மூன்றாவதோ. ஒரே ஒரு வருடம் அடியோடு கவிழ்ந்தது. அந்த வருடத் தலைப்பு 'கொசு ஒழிப்பு'. எங்கள் பையன் கொஞ்சமும் யோசிக்காமல், 'கொசுவே, நீ எங்கள் வாழ்வின் விளக்கு' என்று தொடங்கி, அது அன்னை போல அணைப்பது வரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தான். அன்று பேருந்தில் திரும்பும்போது நான் அவனைத் திட்டினேன். அவன் செய்ததில் என்ன தவறு என்று இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

ஜெசிந்தா பன்னிரண்டரைக்குக் கிளம்பிய பிறகு சஷ்மிதாவைக் கூப்பிட்டு எட்டு வரியைக் கொடுத்தேன். காப்புக்குத்தான். தலைப்பு சிக்கலாக இருந்து ஒன்றும் தோன்றாவிட்டால் கைகொடுக்கும்.

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை பார்க்காமல் சொன்னாள். பிறகு கேட்டாள்: "ஐயா, இத நான் எழுதிப்போட்டா, நான் எழுதுனதா ஆயிருமுங்களா?"

"பயிற்சின்னா அப்படித்தான் கண்ணு."

"வருசா வருசம் ஜெயிச்ச அண்ணனுங்க அக்காவுங்க எல்லாம் இதத்தான் எழுதுனாங்களா?"

தலைப்புக்கு ஏற்ப மாறும் என்றேன்.

"ஜெசிந்தா மிஸ்ஸுக்குத் தெரியுமுங்களா?"

தெரிய வேண்டியதில்லை என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "செரிங்க" என்றாள். இந்தப் பெண்ணின் 'செரிங்க' எனக்குப் பிடிபடவில்லை.

செப்டம்பர் 20, புதன்

காலாண்டுத் தேர்வு. திருத்தினேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ருக்மணி பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. "ஏனுங்க, கையெல்லாம் மாவு, எடுங்க" என்றாள். எடுத்தேன். நறுமுகை அம்மா எங்கே என்று கேட்டாள். பிறகு நலம் விசாரித்தாள். பேச வேறு விஷயம் இல்லாததால் போட்டியைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை படமும் சேர்த்து, ஒரு பெண் நன்றாக வரைகிறாள் என்று.

"தலைப்பு என்னங்ப்பா?"

"அங்க போனாத்தான் தெரியும்."

"அப்ப அதே பாட்டுத்தானுங்களா?"

எந்தப் பாட்டு என்று கேட்டேன். "செரிங்ப்பா, அம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

முதல் கேடயம் அவள் வாங்கியது. ஏழாம் வகுப்பு, இதே பள்ளி. அந்த எட்டு வரியும் அவளுக்காக எழுதியதுதான். பரிசு வாங்கிய அந்த வருடம் ஆண்டுவிழாவுக்கு வந்த அதிகாரி, தன் தோளில் போட்ட சால்வையைக் காட்டி, "கவிஞராமே பாப்பா, இதப் பத்தி ரெண்டு வரி சொல்லு பாக்கலாம்" என்று மைக்கை நீட்டினார். நான் மேடை ஓரத்தில் படுதாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 'சால்வையே, நீ எங்கள் வாழ்வின் விளக்கு' என்று வாயசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வது புரிந்தது அவளுக்கு. புரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். அப்படியே நின்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியே "பரவால்ல பாப்பா" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவள் கவிதை எழுதவில்லை. கணக்கு எடுத்துப் படித்தாள். நல்ல முடிவு. அதில் முதல் வகுப்பு.

பஜ்ஜி சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்கு வலித்தது. ருக்மணியிடம் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 6, வெள்ளி

கடைசிச் சுற்றுப் பயிற்சி. ஜெசிந்தா கடிகாரத்தை மேசையில் வைத்துத் தலைப்புக் கொடுத்தார்: 'செருப்பு'. சஷ்மிதா கோயில் வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலை வரைந்தாள். உள்ளே போன ஆட்களை அந்தச் செருப்புகளே பேசிக்கொள்வதுபோல் பன்னிரண்டு வரி. இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தேன். பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

ஜெசிந்தா என்னிடம் மெதுவாக, "பாருங்க ஐயா, இதுக்கு நாம ஒண்ணுமே பண்ணலீங்க" என்றார். பெருமையாகச் சொன்னார். நான் கொடுத்த தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தேன். கேட்கவில்லை. பத்தாவது கேடயம் கண்ணில் நின்றது. இதையும் எழுதிவைக்கிறேன்.

பழனியம்மாள் விருது விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் அளவில் புகைப்படம் கேட்டார். "கோட்டுப் போட்டு எடுங்க ஐயா" என்றார். என்னிடம் கோட்டு இல்லை. ஸ்டூடியோவில் இருந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போட்டி நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில். சஷ்மிதா, ஜெசிந்தா, நான். பத்து மணிக்குத் தலைப்பை அறிவித்தார்கள்: 'எங்கள் வகுப்பறை'. ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தலைப்புக்கு எட்டு வரி கச்சிதமாகப் பொருந்துமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'வகுப்பறையே, நீ எங்கள் வாழ்வின் விளக்கு.' ஜெசிந்தா நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டேகாலுக்கு உள்ளே விட்டார்கள். இருபத்துமூன்று சார்ட்டும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கின. பதினைந்துக்கு மேல் மலையும் சூரியனும், வகுப்பறைக்கு ஜன்னல் வைத்து அதன் வழியாக.

எங்களுடையது எட்டாவது. சார்ட்டின் முக்கால் பங்கு கரும்பலகை. அதில் வெள்ளை எழுத்தில் என் எட்டு வரி, ஒரு எழுத்துப் பிழையில்லாமல். முதல் சொல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு மேல், அழித்தும் அழியாத சாக்பீஸ் தடமாக, மங்கலாக 'மரமே', 'நூலே', 'மழையே'. ஓரத்தில் சாக்பீஸ் பிடித்த ஒரு கை. கை மட்டும்தான், ஆள் இல்லை. கீழே முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் முப்பத்தொரு தலைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டிலும் எட்டுச் சின்னக் கோடுகள். அதற்கும் கீழே அவள் எழுத்தில்:

எங்கள் வகுப்பறையில்
முப்பத்தொரு பேனா இருக்கிறது.
எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்,
ஒரே நேரத்தில் நிற்கும்.
எங்கள் வீட்டுத் தறியும் அப்படித்தான்.
தறியில் துண்டு வரும்.
இங்கே என்ன வருகிறதென்று
யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா பலகையில் இருந்ததைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நடுவர்கள் மூன்று பேர். அதில் மங்கையர்க்கரசி அம்மாள் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. அவர் இந்தச் சார்ட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சஷ்மிதாவை மேடைக்குக் கூப்பிட்டார். "பாப்பா, படம் பிரமாதம். ஆனா போர்டுல இருக்கிற பாட்டு நான் கேட்டது. மூணு வருசத்துக்கு முன்னாடி நான் நடுவரா வந்தப்ப உங்க பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் பாடிப் பரிசு வாங்குனது. அடுத்தவங்க பாட்ட எடுத்து எழுதுனா விதிப்படி தள்ளுபடிதான். இது யாரோட பாட்டு?"

சஷ்மிதா நின்றாள்.

நான் மேடை ஓரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வேண்டுகோள் இல்லை, மிரட்டலும் இல்லை. அம்மா தறியை நிறுத்தும்வரை காத்திருக்கும் பிள்ளை அப்படித்தான் பார்க்கும் என்று நினைக்கிறேன்.

நான் பேசாமல் இருந்தால் அந்தப் பையன் கவிஞன், இந்தப் பெண் திருடி, நான் விருது பெற்ற ஆசிரியர். யாரும் எதையும் கிளறப்போவதில்லை. இன்னும் ஏழு மாதம்தான்.

கால் தானாகப் படியேறவில்லை. நான்தான் ஏற்றினேன்.

"அந்தப் பையன் பாட்டு இல்லீங்க அம்மா. நான் எழுதுனது" என்றேன்.

பேரவைச் செயலாளர் முன்வரிசையில் இருந்தார். என் விண்ணப்பம் அவர் மேசையில்தான் இருக்கிறது. நல்ல மனிதர். எழுந்து வந்து தாழ்ந்த குரலில், "புலவரே, யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளைக்கு ஒரு அடி ரெண்டு அடி எடுத்துக் குடுத்திருப்பீங்க, அதச் சொல்றீங்களா?" என்றார்.

"எட்டு அடியும் நான்தானுங்க."

மங்கையர்க்கரசி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வருசத்துல எழுதிக் குடுத்தீங்க?"

"எல்லா வருசமும்ங்க."

மைக் அணைக்காமல் இருந்தது. கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வெட்கத்தில் காது சுட்டது, நெஞ்சு மட்டும் லேசாக இருந்தது. இரண்டும் உண்மை.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பலகையில் இருப்பது படத்தின் பகுதி, கவிதை கீழே இருக்கும் எட்டு வரிதான், அது அந்தப் பெண்ணின் சொந்தம் என்று முடிவுசெய்தார்கள். மூன்றாம் பரிசு. மூன்றாம் பரிசுக்குக் கேடயம் கிடையாது, சான்றிதழ் மட்டும்.

திரும்பும் பேருந்தில் ஜெசிந்தா எனக்கு முன் இருக்கையில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். திருச்செங்கோட்டில் இறங்கி மூன்று டீ வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். "சர்க்கரை கம்மிங்க ஐயா" என்றார்.

சஷ்மிதா டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "ஐயா, நான் கையத்தானுங்க வரைஞ்சேன். உங்க மூஞ்சிய வரையல. நீங்க கம்முனு இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

"நான் கம்முனு இருந்திருந்தா உன்னத் தள்ளியிருப்பாங்களே கண்ணு."

"அது தெரிஞ்சுதானுங்க வரைஞ்சேன்" என்றாள்.

அக்டோபர் 14, சனி

செயலாளர் பழனியம்மாளுக்குப் போன் செய்திருக்கிறார். விருதுப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஒன்பது பரிசுகள் பற்றியும் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். பழனியம்மாள் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க ஐயா, இத்தன வருசம் இருந்தீங்க, இன்னொரு ஏழு மாசம் கம்முனு இருந்திருக்கக் கூடாதுங்களா?" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். என்மீது என்பதைவிடப் பீரோவின்மீது.

விளக்கம் எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. எதுகை இல்லை.

ருக்மணியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "புள்ளைக்கு நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்னேன். நறுமுகை போனில் முழுதும் கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு என்னங்ப்பா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 16, திங்கள்

எட்டாம் வகுப்பு, இரண்டாம் பாடவேளை. ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். படமோ பாட்டோ இரண்டுமோ, விருப்பம்போல் என்றேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் போனது. "ஐயா, தலைப்பு?" என்று ஒரு குரல். இல்லை என்றேன். "மொத வரி மட்டும் எழுதிப் போடுங்க ஐயா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்று இன்னொரு குரல். எழுந்துவிடலாம் போல இருந்தது. சாக்பீஸ் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சஷ்மிதா தலை நிமிராமல் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் என்னைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நான் இத்தனை வருடம் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் முழுசாகத் தெரிந்தது.

மணி அடித்தது. தாள்களை வாங்கினேன். பத்தொன்பது வெறும் தாள். ஏழு மலை. ஒன்றிரண்டு தேறும்.

ஒரு தாளில் பெயர் எழுதவில்லை. நடுவில் ஒரு காலிப் பலகை, பென்சிலில். அதற்குக் கீழே ஒரே வரி: 'ஐயா இன்னைக்கு ஒண்ணும் எழுதிப் போடல, எனக்கு பயமா இருந்துச்சு.'

இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.